"சும்மா ஒரு ஆஃபர்தானே!"

கேள்வி: சேட்ஸ்வொர்த்தில் ஒரு வீடு பார்த்தோம். 1965-ல் நகராட்சி கட்டியது, பக்கத்து வீட்டோடு ஒரே சுவர், பின்னால் வாடகைக்கு விட்டிருக்கும் அவுட்பில்டிங். 13,50,000 ராண்ட் கேட்கிறார்கள். அவுட்பில்டிங்கில் மாதம் 4,500 வருகிறது, பாண்ட் (வீட்டுக்கடன்) கட்ட உதவும். நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸிலிருந்து கிளப்பிவிட்டபோது என் தாத்தாவும் ஆயாவும் வந்து இறங்கியது அடுத்த தெருவில்தான், அதனால் எனக்கும் மனைவிக்கும் மனசு அங்கேயே நிற்கிறது. இன்று மாலை இன்னொருவர் ஆஃபர் போடப் போகிறார், முந்திக்கொள்ளுங்கள், சும்மா ஒரு ஆஃபர்தானே என்கிறார் ஏஜென்ட். போடலாமா?
- ஒரு வாசகர், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: இன்று மாலை போடாதீர்கள், தம்பி.

உங்கள் கடிதத்தில் என் வயிற்றைக் கலக்கியது அந்தக் கடைசி வார்த்தை. சும்மா ஒரு ஆஃபர் என்று ஒன்று இந்த நாட்டில் கிடையாது. நிலம், வீடு விற்பதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் கையெழுத்து வேண்டும் என்று 1981-ம் வருஷச் சட்டம் சொல்கிறது. அந்த ஒப்பந்தம் அப்புறம் தனியாக வரும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வராது. நீங்கள் கையெழுத்து போட்டுக் கொடுத்த அதே தாளில் விற்பவரும் போட்டுவிட்டால் அதுதான் கிரய ஒப்பந்தம், வீட்டை வாங்கியாகிவிட்டது. மனசு மாறினால் ஐந்து நாளில் விலகிக்கொள்ளலாமே என்பார்கள். அப்படி ஓர் அவகாசம் சட்டத்தில் இருப்பது உண்மைதான், ஆனால் அது 2,50,000 ராண்டும் அதற்குக் கீழேயும் விலையுள்ள வீடுகளுக்கு. உங்களுக்குக் கிடையாது.

அந்தத் தாளில் எங்கேயாவது ஃபுட்ஸ்டூட்ஸ் என்ற வார்த்தை இருக்கும், தேடிப் பாருங்கள். பழைய டச்சு வழக்கிலிருந்து வந்தது: இருக்கிறது இருக்கிறபடி, நல்லதும் கெட்டதும் உங்கள் தலையில். கண்ணுக்குத் தெரியாத குறையாக இருந்தாலும் விற்றவரிடம் போய் நிற்க முடியாது. அவருக்கு அது தெரிந்திருந்தும் வேண்டுமென்றே மறைத்தார் என்று நிரூபித்தால் மட்டும் வழி உண்டு. நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் நாங்கள் ஒரு பழைய வீடு வாங்கினோம், பின் அறையில் புதுப் பெயின்ட் வாசனை தூக்கலாக இருந்தது, எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று என் மாமியார் சந்தோஷப்பட்டார். முதல் பெருமழையில் அந்தச் சுவரில் கை நுழைகிற அளவுக்கு விரிசல் திறந்துகொண்டது. பின்னால் இருந்த மண்மேடு வருஷக்கணக்கில் சுவரைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது, அதைப் பூசிப் பெயின்ட் அடித்து விற்றிருக்கிறார்கள். விற்றவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று வழக்கறிஞர் கேட்டார், எங்களிடம் ஒன்றும் இல்லை. தாங்குசுவர் கட்ட நகையை விற்றோம்.

இப்போது நிலைமை கொஞ்சம் மேல். 2022 பிப்ரவரி 1 முதல் அமலில் இருக்கும் புதுச் சொத்து முகவர் சட்டப்படி, வீட்டில் என்னென்ன குறை என்று விற்பவர் எழுதிக் கையெழுத்து போட்ட படிவம் இல்லாமல் ஏஜென்ட் அந்த வீட்டை விற்கவே எடுத்துக்கொள்ளக் கூடாது, ஒப்பந்தத்தோடு அந்தப் படிவத்தை இணைக்கவும் வேண்டும். உங்கள் ஏஜென்ட் அதைக் காட்டினாரா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முதலில் அதைக் கேளுங்கள். அவர் தயங்கினால் அதுவே உங்களுக்குப் பதில்.

சரி, அவுட்பில்டிங்குக்கு வருவோம். உங்கள் கணக்கே அதன்மேல் நிற்கிறது, ஆனால் அந்தக் கட்டடத்துக்கு எதெக்வினி (டர்பன்) மாநகராட்சி ஒப்புதல் கொடுத்த பிளான் இருக்கிறதா என்று நீங்கள் கேட்டதாகத் தெரியவில்லை. சேட்ஸ்வொர்த்தில் பின்கட்டு எப்படி வளர்ந்தது என்று நம் எல்லோருக்கும் தெரியும். மூத்த மகனுக்குக் கல்யாணம் ஆனது, ஓர் அறை போட்டார்கள், அடுத்தவனுக்கு இன்னொன்று, அப்புறம் ஒரு சமையலறை, பிள்ளைகள் வெளியே போனதும் வாடகைக்கு விட்டார்கள். அந்தக் குடும்பங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, இரண்டு அறை வீட்டில் பத்துப் பேரை அடைத்த காலம் அது. ஆனால் பிளான் இல்லாத கட்டடத்தை வாங்கினால் அந்தச் சிக்கல் உங்கள் பெயருக்கு மாறுகிறது. மாநகராட்சி வந்து இடி என்றால் உங்களைத்தான் சொல்லும். விற்றவரைக் கேட்கலாமே என்றால், ஒப்புதல் பிளான் இல்லாததும் மறைந்திருக்கும் குறைதான், ஃபுட்ஸ்டூட்ஸ் அதையும் மூடும் என்று ப்ளூம்ஃபொன்டெய்ன் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. ஆகவே உரிமையாளரிடம் ஒப்புதல் கடிதம் வாங்கிக்கொண்டு மாநகராட்சியில் பிளான் நகல் எடுங்கள், அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து சுவருக்குச் சுவர் ஒப்பிட்டுப் பாருங்கள். கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது, அதன்மேல் கட்டியிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

அங்கே குடியிருப்பவரையும் மறக்காதீர்கள். வீடு கை மாறினாலும் வாடகை ஒப்பந்தம் செத்துப்போகாது, அவர் உங்களுக்கு வாடகைதாரர் ஆகிவிடுவார். நாலு மாதம் வாடகை தராமல் இருப்பவராக இருந்தாலும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. 4,500 வருகிறது என்று ஏஜென்ட் சொன்னால் போதுமா? எழுதிய ஒப்பந்தத்தையும், பணம் வங்கியில் விழுந்த கணக்கையும் கேளுங்கள். என்னைக் கேட்டால், அந்த வாடகை ஒரு பைசாகூட வராது என்று வைத்துக்கொண்டு பாண்ட் கட்ட முடியுமா என்று கணக்குப் போடுங்கள். முடியாதென்றால் அந்த வீடு உங்களுக்கு விலை அதிகம்.

அடுத்து வீட்டின் உடம்பு. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருக்கிறதா? அந்தக் காலத்து வீடுகளில் அது சாதாரணம். ஏற்கெனவே இருக்கும் கூரையைச் சும்மா விட்டால் பெரிய ஆபத்து இல்லை, உடைந்து, தேய்ந்து, தூள் கொட்டினால்தான் நுரையீரலுக்குக் கேடு. அதில் துளை போட்டு சோலார் தகடு மாட்டுவதோ, பிரஷர் மெஷினால் கழுவிப் பெயின்ட் அடிப்பதோ கூடாது. கழற்றுவதென்றால் பதிவு பெற்ற ஒப்பந்தக்காரரைத்தான் கூப்பிட வேண்டும், அவரிடம் விலை கேட்டுவிட்டு அப்புறம் உங்கள் ஆஃபர் தொகையை முடிவு பண்ணுங்கள். குளியலறைக் குழாயையும் சமையலறைக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள், ஒன்றில் தண்ணீர் நூலாக இறங்கினால் உள்ளே பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து அடைத்திருக்கலாம். மின்சாரச் சான்றிதழ் விற்பவர் தர வேண்டியது, இரண்டு வருஷத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது, அவுட்பில்டிங்கும் அதில் அடங்குகிறதா பாருங்கள். கூரை மரத்தில் வண்டு இல்லை என்ற சான்றிதழ் நம் கடற்கரைப் பக்கத்து வழக்கம்தானே தவிரச் சட்டம் கேட்பதில்லை, ஒப்பந்தத்தில் எழுதினால்தான் கிடைக்கும்.

இதையெல்லாம்விட மண். அந்தப் பகுதி முழுக்கச் சரிவு, வெட்டி நிரப்பி வீடு கட்டிய இடம். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையில் இந்த மாநிலத்தில் நானூறுக்கும் மேல் உயிர் போனதே, எத்தனை வீடுகளின் பின்மேடு சரிந்தது, நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டு நாளில் இந்த வீட்டுக்கு என்ன ஆச்சு? இதை விற்பவரிடமும் கேளுங்கள், ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு அந்தப் பக்கம் குடியிருப்பவரிடமும் தனியாகப் போய்க் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, யார் விற்கிறார்கள்? வீட்டுப் பத்திரம் இன்னும் இறந்துபோன தாத்தாவின் பெயரில் இருக்க, சாவியை வைத்திருக்கும் பேரன் விற்க வருவது நம் மக்களிடம் சகஜம். அப்படியென்றால் இறந்தவர்களின் சொத்தைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் நியமித்த நிர்வாகிதான் கையெழுத்து போட முடியும், அந்த நியமனக் கடிதத்தைப் பார்க்காமல் நகராதீர்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் யாருடைய பெயரில் இருக்கிறது என்று சின்னக் கட்டணத்தில் தெரிந்துகொள்ளலாம், அதே தெருவில் மற்ற வீடுகள் என்ன விலைக்குப் போயின என்பதும் கிடைக்கும். 13,50,000 நியாயமா என்பது அதில் தெரிந்துவிடும்.

வீட்டை வாங்கி முன்பக்கம் இடித்துப் பெரிதாக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் கவனம். இந்த மாநிலத்தில் அறுபது வருஷம் தாண்டிய கட்டடத்தை இடிக்கவோ மாற்றவோ அமஃபா பாரம்பரிய நிறுவனத்தின் எழுத்து அனுமதி வேண்டும், மாநகராட்சி பிளான் அதற்கு மேல். 1965 வீட்டுக்கு இது பொருந்தும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரலில் வந்த விகிதப்படி 12,10,000 வரை மாற்று வரி (வீடு பெயர் மாறும்போது வாங்குபவர் அரசுக்குக் கட்டும் வரி) இல்லை, அதற்கு மேல் உள்ள தொகைக்கு 3 சதவீதம், உங்களுக்கு 4,200 ராண்ட்தான். ஆனால் பத்திர மாற்றத்துக்கும் பாண்ட் பதிவுக்கும் வழக்கறிஞர் கட்டணம் இதைப் போலப் பல மடங்கு வரும், வழக்கறிஞரை விற்பவர் தேர்ந்தெடுப்பார், பணம் நீங்கள் கட்டுவீர்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் மனசு அங்கேயே நின்றால் ஆஃபர் போடுங்கள், ஆனால் உங்கள் நிபந்தனைகளோடு. இந்தத் தேதிக்குள் இவ்வளவு தொகைக்கு பாண்ட் கிடைத்தால் மட்டும், ஒப்புதல் பிளான் காட்டினால் மட்டும், நான் அனுப்பும் ஆள் வீட்டைச் சோதித்து எனக்குத் திருப்தி என்றால் மட்டும், இல்லையென்றால் ஒப்பந்தம் தானாக ரத்து என்று எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சில் சொன்ன எதுவும் செல்லாது. முன்பணம், பிறர் பணத்தைத் தனியாகப் பாதுகாத்து வைக்கும் வழக்கறிஞரின் டிரஸ்ட் கணக்குக்குத்தான் போக வேண்டும், விற்பவர் கைக்குப் போகக் கூடாது. ஆஃபர் எத்தனை நாள் உங்களைக் கட்டிப்போடுகிறது என்ற வரியில் இரண்டு நாளுக்கு மேல் விடாதீர்கள்.

ஆயாவின் தெரு என்பது எனக்கும் புரிகிறது. விரும்பி வந்த இடம் இல்லை அது, இனவாரியாக இடம் பிரித்த 1950-ம் வருஷக் குடியிருப்புப் பகுதிச் சட்டத்தைக் காட்டிக் கொண்டுவந்து இறக்கிய இடம். அங்கே போய் வாசலில் கோலம் போட்டு, ஆடி மாதம் கூழ் ஊற்றி, அதை ஓர் ஊராக ஆக்கினார்கள். அந்த மண்ணில் ஒரு வீடு உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று நானும் ஆசைப்படுகிறேன், அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

அந்த இன்னொருவர் வாங்கிவிட்டால் வாங்கிக்கொள்ளட்டும். வாங்காவிட்டால் சனிக்கிழமை காலையில் ஓர் ஏணியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு, தெரிந்த கட்டடக்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கூரைக்குள் ஏறிப் பாருங்கள். முடிந்தால் மழை பெய்யும் நாளில் போங்கள்.