பாட்டு எப்போது ஆரம்பிக்கும்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: புனேயில் மகன் வீட்டில் இருக்கிறேன். எதிர்வீட்டு மராட்டி அம்மா அவர்கள் வீட்டுக் கூடத்தில் பைட்டக் (வீட்டிலேயே உட்கார்ந்து கேட்கும் சின்னக் கச்சேரி) என்று கூப்பிட்டிருக்கிறார். க்யால் என்ற ஹிந்துஸ்தானிப் பாட்டாம். நான் கர்நாடகக் கச்சேரி கேட்டு வளர்ந்தவள். முன்பு ஓர் அரங்கத்தில் க்யால் கேட்டபோது, அரை மணி நேரமாகியும் பாட்டு ஆரம்பித்த மாதிரியே தெரியவில்லை. போகலாமா?
– ஒரு வாசகி, புனே

பதில்: கட்டாயம் போங்கள் அம்மா. அதுவும் நேரத்துக்குப் போங்கள். ஆரம்பிக்கவில்லை என்று நீங்கள் நினைத்த அந்த அரை மணிதான் சாப்பாடு. பின்னால் வரும் தான் என்ற வேக ஸ்வரக் கோவைகளெல்லாம் ஊறுகாய்.

நம் கச்சேரியில் ஆலாபனை முடிந்த பிறகுதான் தாளத்தோடு கீர்த்தனை வரும். க்யாலில் தபலா சீக்கிரமே சேர்ந்துவிடும், ஆனாலும் ராக விஸ்தாரம் நிற்காது. பந்திஷ் (பாடலின் சாகித்யம்) சில வரிகள்தான். அதை வைத்துக்கொண்டு பாடகர் கீழ் ஸ்வரங்களிலேயே வெகுநேரம் உலாவுவார். யமன் ராகம் என்றால் (நம் கல்யாணிக்கு நெருங்கிய உறவு) நிஷாதத்திலும் காந்தாரத்திலும் நின்று நின்று போவார். மேல் ஸட்ஜத்தைத் தொட இருபது நிமிடம்கூட ஆகலாம். காத்திருந்தவர்களுக்குத்தான் அந்த ஸட்ஜம் இனிக்கும். பாதியில் வந்து உட்காருபவருக்கு அது வெறும் உச்ச ஸ்வரம்.

பிடித்துக்கொள்ள ஒன்று சொல்கிறேன். விளம்பித் ஏக்தால் என்ற மெதுவான தாளத்துக்கு 12 மாத்திரை (அடி). மிக மெதுவாகப் போனால் ஓர் ஆவர்த்தனத்துக்கே (தாளச் சுற்றுக்கே) ஒரு நிமிடம் போல ஆகிவிடும். நம் பழக்கத்தில் தொடையில் தட்டி எண்ணாதீர்கள், தொலைந்துபோவீர்கள். அங்கே தாளத்தைச் சுமப்பது தபலாக்காரர். அவர் வாசிக்கும் தேகாவை, அதாவது தாளத்துக்குரிய சொற்கட்டை, காதால் பிடியுங்கள். கடைசி நான்கு மாத்திரை 'தாகே, திரகிட, தீ, நா'. அடுத்த அடி சம், அதாவது சுற்றின் முதல் மாத்திரை. மூன்றாவது, நான்காவது மாத்திரையிலும் 'தாகே, திரகிட' வரும், ஏமாறாதீர்கள். பின்னால் 'தூ, நா' என்று வந்தால் பாதி வழிதான் வந்திருக்கிறோம். எங்கெங்கோ சுற்றிவிட்டுப் பாடகர் சரியாக முக்டா என்ற பந்திஷின் முதல் துண்டைப் பிடித்து, சம்மில் வந்து இறங்கும்போது கூடமே தலையாட்டும். அப்போது ஒரு 'வாஹ்' சொல்லலாம். கைதட்டல் கடைசியில் போதும்.

அரங்கத்தில் கிடைக்காதது இங்கே கிடைக்கும்: பக்கம். பாடகருக்குப் பின்னால் இரண்டு தம்புரா, மீட்டுவது பெரும்பாலும் சிஷ்யர்கள். குரு சற்று நிறுத்தினால் அவர்கள் ஒரு வரி எடுத்துப் பாடுவார்கள். மைக் இல்லையென்றால் இன்னும் விசேஷம். ஆனால் நீங்கள் ரசிப்பதும் பாடகருக்குத் தெரியும், கொட்டாவி விடுவதும் தெரியும். முதல் வரிசையில் உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடிக்கும் ஆசாமிகளும் தெரிவார்கள். அந்த ஜாதியில் சேர்ந்துவிடாதீர்கள்.

மற்றபடி, கீழே விரிப்புதான் இருக்கும். முட்டி வலி என்றால் சுவரோரமாக ஒரு நாற்காலி கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பாடகரைப் பார்த்துக் கால் நீட்ட வேண்டாம். எழுந்து போக வேண்டுமானால் ஒரு ராகம் முடிந்ததும் போங்கள். கடைசியில் தும்ரியோ (மென்மையான காதல் பாட்டு) அபங்கோ (மராட்டி பக்திப் பாட்டு) வரலாம். பைரவி ராகம் பாடிவிட்டால் கச்சேரி முடிந்தது என்று அர்த்தம், அதற்குமேல் 'இன்னும் ஒன்று' கேட்பது வழக்கமில்லை.

கேள்வி: கிரானா கராணா (ஹிந்துஸ்தானி இசைப் பரம்பரை) பாடகர் அப்துல் கரீம் கான் எங்கள் ஊர்ப் பக்கம்தான் இறந்தாராமே, நிஜமா?
– ஒரு வாசகர், செங்கல்பட்டு

பதில்: நிஜம்தான் ஐயா. 1937 அக்டோபரில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் போகும்போது உடம்பு முடியாமல் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கினார். அங்கேயே உயிர் போயிற்று. கடைசியாக தர்பாரி ராகத்தில் பிரார்த்தனை பாடினார் என்று சொல்வார்கள். அடக்கம் செய்தது மகாராஷ்டிராவில் உள்ள மிரஜில். தியாகராஜரின் 'ராம நீ ஸமானமெவரு'வை அவர் இசைத்தட்டில் பாடியிருக்கிறார். தெலுங்கு உச்சரிப்பைப் பெரிதுபடுத்தாமல் அந்தக் குரலுக்காகக் கேளுங்கள். அவருடைய சீடர் சவாய் கந்தர்வர். சவாய் கந்தர்வரின் சீடர்கள்தான் கங்குபாய் ஹங்கலும் பீம்சேன் ஜோஷியும். குருவின் நினைவாக ஜோஷி 1953-இல் புனேயில் தொடங்கிய விழாவுக்கு இன்று ஆயிரக்கணக்கில் கூட்டம். அது திருவிழா, சந்தோஷம்தான். பாட்டுக் கேட்க என்னைக் கேட்டால் முதல் கேள்வியில் வரும் அந்தக் கூடத்துக்குத்தான் போவேன்.

கேள்வி: பக்கவாத்தியமாக ஹார்மோனியம் பொருந்துமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஆல் இந்தியா ரேடியோ 1940-இல் அதைத் தடைசெய்து, முப்பது ஆண்டுகள் உள்ளேயே விடவில்லை. என் ஓட்டு வில்லால் வாசிக்கும் சாரங்கிக்கு. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் மீண்டை ஹார்மோனியக் கட்டையால் தொட முடியாது. ஆனால் பாடகருக்கு இடம் விட்டு, அடக்கி வாசிக்கும் கைக்காரர் கிடைத்தால் வாயை மூடிக்கொண்டு கேட்பேன்.