சிக்கிள் செல் ட்ரெயிட் உள்ள தம்பிக்கு வருசா வருசம் சிறுநீரக ஸ்கான் தேவையா?

உங்கள் 19 வயதுத் தம்பிக்கு எச்பிஎல்சியில் (ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் இரத்தப் பரிசோதனை) சிக்கிள் செல் ட்ரெயிட், அதாவது செங்குழியங்களை அரிவாள்போல் வளைக்கும் மரபணு பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்த நிலை, என்று வந்திருக்கிறது, சிறுநீரகப் புற்றுநோய் வருமாமே, வருசா வருசம் ஸ்கான் செய்யவா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். ரீனல் மெடுலரி கார்சினோமா என்ற அந்தப் புற்றுநோய் வந்தவர்களில் அநேகமாக எல்லோருக்கும் ட்ரெயிட் இருக்கும். ஆனால் ட்ரெயிட் உள்ளவர்களில் பல்லாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் அது வரும். வேகமாகப் பரவுவதால், வருசத்துக்கு ஒரு ஸ்கான் அதை நேரத்துக்குப் பிடிக்கும் என்றும் சொல்ல முடியாது.

'அப்படியென்றால் ஏன் பயமுறுத்துகிறாய்' என்று கீழே எழுத வருவோருக்கு: ஸ்கான் வேண்டாம் என்றேன், கவனிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை.

சிறுநீரகத்தின் உட்பகுதியில் ஒட்சிசன் குறைவு, உப்புச் செறிவு கூட. ட்ரெயிட் உள்ளவரின் செங்குழியங்கள் வளைவது அங்கேதான். அதனால் புற்றுநோய் இல்லாமலே சலத்தில் இரத்தம் போகலாம். அது கூடுதலாக இடது சிறுநீரகத்திலிருந்து வரும். இந்தப் புற்றுநோய் கூடுதலாக வலதில், அதுவும் இளம் ஆண்களில். பக்கத்தை வைத்து மட்டும் தீர்மானிக்க முடியாதுதான். ஆனாலும் இரத்தம், விலா நோவு, மெலிவு என்று வந்தால், திருகோணமலை வெயிலுக்குச் சிறுநீரகக் கல்லாக இருக்கும் என்று தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்கக் கூடாது. சாதாரண வயிற்று ஸ்கான் (அல்ட்ராசவுண்ட்) உட்பகுதிக் கட்டியைத் தவறவிடலாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினின் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, கொன்ட்ராஸ்ட் மருந்து போட்ட சி.ரி. ஸ்கான் கேளுங்கள். 'எனக்கு ட்ரெயிட் இருக்கு' என்று தம்பியே முதலில் சொல்ல வேண்டும். ஃபுல் பிளட் கவுண்ட் நோர்மலாகவே இருக்கும், அதைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. எச்பிஎல்சி ரிப்போட்டின் கொப்பி கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

சலப் பரிசோதனை பற்றி ஒரு ஆதங்கம். காலையில் வீட்டில் எடுத்த சலத்தை ஏதோ ஒரு போத்தலில் ஊற்றி, மூதூரிலிருந்து பஸ்ஸில் வெயிலுக்குள் கொண்டுவருகிறார்கள். சேகரிக்கிற இடங்களிலும் அது மேசையில் மத்தியானம் வரை கிடக்கிறது. செங்குழியங்கள் உடைந்துவிடும், சலத்தில் தோய்க்கும் ஸ்ட்ரிப் 'இரத்தம்' என்று காட்ட, நுணுக்குக்காட்டியில் ஒன்றும் தெரியாது. கடும் ஓட்டத்துக்குப் பிறகு தசை உடைந்தாலும் இதே முடிவுதான் வரும், ட்ரெயிட் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்தும் உண்டு. எது எது என்று பிறகு யார் சொல்வது? ஆய்வுகூடத்திலேயே எடுத்து, ஒரு மணித்தியாலத்துக்குள் பார்க்கச் சொல்லுங்கள்.

கட்டி என்று வந்தால் 'சிறுநீரகப் புற்றுநோய்' என்ற பொதுப் பெயரோடு நின்றுவிடாதீர்கள். இதில் ஸ்மார்க்-பி1 மரபணு செயலிழப்பதால் அது உருவாக்கும் ஐஎன்ஐ1 புரதம் இருக்காது; அந்தப் புரதத்துக்கான சாயமிடலில் கட்டியின் கலங்கள் நிறம் பிடிக்காது, அருகிலுள்ள நல்ல கலங்கள் பிடிக்கும். ட்ரெயிட்டும் ஐஎன்ஐ1 இழப்பும் சேர்ந்தால்தான் பெயர் உறுதி. கட்டியிலிருந்து எடுத்த இழையம், அதைக் கெடாமல் வைக்கும் ஃபோமலினில், அதன் பருமனைப்போல் குறைந்தது பத்து மடங்கு அளவில் போக வேண்டும். சேலைன் உப்புநீரில் போட்டு அனுப்பினால் கெட்டுவிடும். சாயமிடும் வசதி ஓரிடத்தில் இல்லையென்றால் இழையத்தை மெழுகில் பதித்த பரஃபின் பிளாக்கை வேறு இடத்துக்கு அனுப்பலாம், மறுபடி குத்தி எடுக்கத் தேவையில்லை.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் மருந்துதான். வழக்கமான சிறுநீரகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் சுனிற்றினிப் போன்ற மாத்திரைகள் இதற்கு அநேகமாக வேலை செய்யாது. காபோபிளாற்றின், பக்லிடாக்சல் போன்ற கீமோதான் முதலில். பரவியிருந்தால், கீமோவுக்குப் புற்றுநோய் கேட்கிறதா என்று பார்த்த பிறகே சிறுநீரகத்தை அகற்றுவது பற்றி யோசிப்பார்கள்.