வளையும் கோடுகள்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 39. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நேரத்தில் வலக்கண்ணின் நடுவே சாம்பல் நிற வட்டம் ஒன்று வந்தது. சி.எஸ்.ஆர். (சென்ட்ரல் சீரஸ் ரெட்டினோபதி), விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள், நான்கு மாதத்தில் சரியாயிற்று. இப்போது மூன்றாம் முறை. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. பஞ்சுத் தூசித் தும்மலுக்கு மூக்கில் அடிக்கும் ஸ்பிரே தவிர மருந்தும் இல்லை. "டென்ஷன் ஆகாதீர்கள்" என்கிறார் டாக்டர். வேலையை விட முடியாது. ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்ப்பதிலேயே நாள் போகிறது. உங்களுக்கும் இது உண்டு என்று எழுதியிருந்தீர்கள். எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

எனக்கு இது முதலில் தெரிந்தது மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில். பக்கத்தின் நடுவில் மட்டும் வரி மேடேறி இறங்கியது. அச்சுக் கோளாறு என்று நினைத்துத் தாளை நகர்த்தினேன். நான் பார்க்கும் இடத்துக்கெல்லாம் அந்த மேடும் கூடவே வந்தது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் 'ழ' சரியாக இருந்தது, மற்றதை மூடினால் அதே 'ழ' சற்றே சிறுத்து, மங்கிய மஞ்சள் தாளில் அடித்ததுபோல் தெரிந்தது.

வீட்டில் இதைக் கண் அழுத்த நோய் என்றே இன்றும் சொல்கிறார்கள். மன அழுத்தத்தால் வருவது என்று டாக்டர் சொன்னது அப்படித் திரிந்துவிட்டது. அது வேறு, இது வேறு. விழித்திரைக்குப் பின்னால் இரத்தக்குழாய்கள் நிறைந்த கோராய்டு என்ற படலம் இருக்கிறது. அதிலிருந்து கசியும் நீர், இடையிலுள்ள மெல்லிய செல் அடுக்கைத் தாண்டி விழித்திரையின் அடியில் தேங்கும்போது, ஓதம் ஏறிய சுவரில் சுண்ணாம்புப் பூச்சு உப்புவதைப்போல விழித்திரை மேலெழும்புகிறது. விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேனில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய சிறு குன்று அதுதான். பெரும்பாலோருக்கு மூன்று நான்கு மாதங்களில் நீர் தானாக வற்றிவிடும்.

மூன்றாம் முறை வந்ததை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது கடிதத்தின் தொனியில் தெரிகிறது. 1866இல் பெர்லினில் கண் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபொன் கிரேஃப இதை முதன்முதலாக விவரித்தபோதே, திரும்பத் திரும்ப வருவது என்பதை நோயின் பெயரிலேயே சேர்த்தார். 1980களில், எதிலும் அவசரப்படும், போட்டியிடும் சுபாவம் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வருகிறது என்ற ஆய்வு வெளிவந்தது. அதன்பின் "உன் குணத்தால் வந்தது" என்று நோயாளியிடமே பழியைப் போடுவது எளிதாகிவிட்டது. டென்ஷன் ஆகாதே என்ற அறிவுரையைப்போல டென்ஷன் தருவது வேறெதுவும் இல்லை என்பது என் அனுபவம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு: அந்த மூக்கு ஸ்பிரே. மனம் நெருக்கடியில் இருக்கும்போது உடல் சுரக்கும் கார்டிசோல் ஒரு ஸ்டீராய்டு. வெளியிலிருந்து உடலுக்குள் போகும் ஸ்டீராய்டும் இந்த நோயைத் தூண்டக்கூடும் என்பது நன்கு அறியப்பட்டது. மாத்திரை, மூட்டு ஊசி, ஆஸ்துமா இன்ஹேலர், தோல் களிம்பு, ஒவ்வாமைக்கான பல மூக்கு ஸ்பிரேக்கள் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். எனக்கு இரண்டாம் முறை வந்தபோது, படர்தாமரைக்கு மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய களிம்பை மாதக்கணக்கில் தடவிக்கொண்டிருந்தேன். களிம்பெல்லாம் மருந்தா என்ற அலட்சியத்தில், டாக்டர் கேட்டபோது "ஒன்றும் சாப்பிடுவதில்லை" என்று சொன்னேன். பொய்யில்லைதான், நான் அதைச் சாப்பிடவில்லை. குழாயின் பின்புறப் பொடி எழுத்தை மகள் வாசித்துக் காட்டியபிறகே அதில் ஸ்டீராய்டு இருப்பது தெரிந்தது. (பொடி எழுத்தை வாசிக்க முடியாதவனுக்குப் பொடி எழுத்தில்தான் எச்சரிக்கை.)

தூக்கத்தையும் சொல்ல வேண்டும். இரவில் பலமாகக் குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் சொன்னால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். உறக்க மூச்சுத்திணறலுக்கும் இதற்கும் தொடர்பு பேசப்படுகிறது.

கண்ணை மூடி மூடிப் பார்ப்பதை நானும் செய்தேன்: குளியலறை ஓடுகளின் இடைக்கோடு, சன்னல் கம்பி, எதிர்வீட்டுக் கொடிக்கயிறு. ஒரு நாளில் இருபது முறை பார்த்தாலும் நீர் வற்றும் வேகம் மாறப்போவதில்லை, கவலைதான் ஊறுகிறது. கோடுகள் வளைந்து தெரிகின்றனவா என்று சோதிக்க உதவும், கட்டமிட்ட ஆம்ஸ்லர் தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி, காலையில் ஒரே ஒரு முறை, படிக்கும் கண்ணாடியுடன், ஒவ்வொரு கண்ணாகப் பார்த்துக் கதவைச் சாத்திவிடுகிறேன். வளைவு பெரிதானாலோ மற்ற கண்ணிலும் தெரிந்தாலோ அன்றே மருத்துவமனை. இல்லையென்றால் மறுநாள் காலைதான். அலுவலகத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். ஆழம் கணிப்பது பிசகும் என்பதால் இரவில் வண்டி ஓட்டுவதைத் தவிருங்கள்.

மாத்திரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது எப்லெரினோன் என்று சொல்வார்கள். 2020இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் அது வெற்று மாத்திரையைவிட மேலானதாக இல்லை. நீர் மாதக்கணக்கில் வற்றாமல் நின்றால் லேசர், ஒளிவழிச் சிகிச்சை போன்றவை உண்டு. எது, எப்போது என்பதை விழித்திரை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

ஸ்பிரேயை நீங்களாக நிறுத்த வேண்டாம். அடுத்த முறை போகும்போது பெட்டியோடு எடுத்துச்சென்று கண் டாக்டர் கையில் கொடுங்கள். எழுதிக்கொடுத்தவரிடமும் மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.