வீரர்கள் தங்களுக்குள் பொருள் விற்பதால்தான் ஆன்லைன் கேமில் விலைவாசி ஏறுகிறதா?

இல்லை. நீங்கள் எனக்கு ஒரு வாளை விற்றால் என் பையில் இருந்த காசு உங்கள் பைக்குப் போகிறது, அவ்வளவுதான். கேமுக்குள் இருக்கும் மொத்தக் காசு அதனால் கூடுவதில்லை. காசு புதிதாக எங்கே பிறக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேமில் ஹை ஆல்கெமி என்று ஒரு மந்திரம் உண்டு. ரூன் மார்புக்கவசத்தின் மீது அதைப் போட்டால் கவசம் மறைந்து 39,000 காசு கையில் வந்து விழும். இந்தக் காசை யாரும் தம் பையிலிருந்து எடுத்துத் தரவில்லை. அந்த நொடியில் அச்சடிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் இதையே ராப்பகலாகச் செய்தால்? கூடவே தானாக ஓடும் பாட் கணக்குகள் வேறு. காசு பெருகும், அரிய பொருட்கள் அந்த வேகத்தில் பெருகாது. அவற்றின் விலை ஏறாமல் என்ன செய்யும்?

சரி, காசை எப்படி வெளியேற்றுவது? அதற்கு வியாபாரமே உதவும். அந்த கேமின் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் சந்தையில் 2021 டிசம்பரில் விற்பவர்மீது 1% வரி போட்டார்கள். 2025-இல் அது 2% ஆனது. வரியில் ஒரு பகுதியைக் கொண்டு கேமே சில பொருட்களை வாங்கி அழிக்கிறது, மீதிக் காசு ஒழிகிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

நிஜப் பணத்துக்குக் காசு விற்பவர்களைத் தடுக்க, அதன் மூல கேமான ரூன்ஸ்கேப்பில் 2008 ஜனவரியில் விலை ஈடாகாத நேரடி வியாபாரத்தை முடக்கிப் பார்த்தார்கள். நண்பனுக்கு ஒரு நல்ல கவசம்கூடச் சும்மா தர முடியவில்லை. 2011 பிப்ரவரியில் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள்.