தோற்காத அணி ஏன் இரண்டாமிடம்? ஹாக்கி கோல் வித்தியாசத்தை வீட்டிலேயே கணக்குப் போடலாம்

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான், பள்ளி ஹாக்கி அணியில் இருக்கிறான். 2023 உலகக் கோப்பை ஆட்டங்களை இப்போது யூடியூப்பில் தேடித்தேடிப் பார்க்கிறான். "இந்தியா லீக் சுற்றில் ஒரு மேட்ச் கூடத் தோற்கவில்லை. இங்கிலாந்தோடும் டிராதான். அப்புறம் ஏன் இங்கிலாந்து நேராகக் காலிறுதிக்குப் போனது?" என்று கேட்கிறான். வேல்ஸ் ஆட்டத்தில் "எட்டு கோல் வித்தியாசம் வேண்டும்" என்றார்களே, அது எப்படி வந்தது என்றும் கேட்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த மாதம் அவன் பள்ளிக்கும் லீக் முறையில் போட்டி இருக்கிறது. இந்தக் கணக்கை நாங்களே போட்டுப் பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். கிரிக்கெட்டின் நெட் ரன் ரேட்டுக்குக் கால்குலேட்டர் வேண்டும். ஹாக்கிக்குக் கூட்டலும் கழித்தலும் போதும்.

உலகக் கோப்பை லீக் சுற்றில் வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு இரு அணிக்கும் ஆளுக்கு 1. இரண்டு அணிகள் சம புள்ளியில் நின்றால் முதலில் யார் அதிக ஆட்டங்களில் வென்றார்கள் என்று பார்ப்பார்கள். அதிலும் சமம் என்றால் கோல் வித்தியாசம், அதாவது அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்தால் வரும் எண். அதற்குப் பிறகு மொத்தம் அடித்த கோல். அதற்கும் பிறகுதான் அந்த இரு அணிகளும் மோதிய ஆட்டத்தின் முடிவு. அங்கேயும் தீராவிட்டால் ஃபீல்டு கோல், அதாவது எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் பெனால்டி கார்னர், பெனால்டி ஸ்ட்ரோக் வாய்ப்புகளில் இல்லாமல் ஆட்டத்தின் போக்கில் அடித்த கோல்களை எண்ணுவார்கள்.

பலரும் தடுமாறுவது இந்த வரிசையில்தான். ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்து பார்த்துப் பழகியவர்களுக்கு நேருக்கு நேர் மோதிய முடிவு முதலில் வரும் என்ற நினைப்பு இருக்கும். ஹாக்கியில் அது கடைசிப் பக்கம். இன்னொன்றையும் மகனிடம் சொல்லிவையுங்கள். மூன்று ஆட்டத்தையும் டிரா செய்த அணிக்கு 3 புள்ளி. ஒன்றில் வென்று இரண்டில் தோற்ற அணிக்கும் 3 புள்ளி. ஆனால் இரண்டாவது அணிதான் பட்டியலில் மேலே நிற்கும், வெற்றி எண்ணிக்கை முதலில் வருவதால்.

இப்போது ஒரு தாளை எடுத்து, 2023-இன் டி பிரிவை எழுதுங்கள். இந்தியா ரூர்கேலாவில் ஸ்பெயினை 2-0 என வென்றது. அங்கேயே இங்கிலாந்துடன் 0-0. இங்கிலாந்து அதற்கு முன் வேல்ஸை 5-0 என அடித்திருந்தது. ஜனவரி 19 அன்று புவனேஸ்வரில் கடைசி இரண்டு ஆட்டங்கள். முதலில் ஆடிய இங்கிலாந்து ஸ்பெயினை 4-0 என முடித்தது. அதோடு அவர்கள் கணக்கு முடிந்தது: 7 புள்ளி, இரண்டு வெற்றி, அடித்தது 9, வாங்கியது 0, வித்தியாசம் +9.

அதே மாலை இந்தியா வேல்ஸுக்கு எதிராக இறங்கும்போது கையில் 4 புள்ளி, வித்தியாசம் +2. வென்றால் புள்ளியும் சமம், வெற்றி எண்ணிக்கையும் சமம். எனவே எல்லாம் கோல் வித்தியாசத்தில் வந்து நின்றது. +2 இலிருந்து +9-ஐத் தாண்ட வேண்டுமானால் +10 வேண்டும். அதற்கு எட்டு கோல் வித்தியாசத்தில் வெற்றி. நீங்கள் கேட்ட எட்டு இப்படித்தான் வந்தது.

ஆனால் உங்கள் மகனை இன்னும் ஒரு வரி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தியா 8-1 என வென்றிருந்தால்? வித்தியாசம் ஏழுதான், மொத்தம் +9, இங்கிலாந்துக்குச் சமம். ஆனால் அடித்த கோல் 10, இங்கிலாந்துக்கு 9. இந்தியாதான் முதலிடம்! 7-0 என்றால் இன்னும் சுவாரசியம். இரு அணிக்கும் +9, இரு அணியும் அடித்தது 9. நேருக்கு நேர் 0-0. அப்போது ஃபீல்டு கோலை எண்ண வேண்டியிருக்கும். ஆக ஏழு கோல் வித்தியாசத்திலும் வழி இருந்தது. இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தாலே விதி முழுக்க மனதில் பதிந்துவிடும்.

நடந்தது 4-2. ஷம்ஷேர் சிங்கும் ஆகாஷ்தீப் சிங்கும் அடித்து 2-0 ஆன பிறகு, மூன்றாவது கால் பகுதியின் கடைசியில் வேல்ஸ் பெனால்டி கார்னரில் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டு 2-2 ஆக்கியது. ஆகாஷ்தீப் இன்னொன்று அடித்தார், கடைசி நேரத்தில் ஹர்மன்பிரீத் சிங் ஒன்று. இந்தியாவின் கணக்கு +4-இல் நின்றது.

முதலிடம் போனது வேல்ஸ் ஆட்டத்தில் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடைசி ஆட்டத்தில் எட்டு கோல் வேண்டும் என்ற நிலைமைக்கு வந்ததே தாமதம்தான். அதே ஸ்பெயினுக்கு எதிராக இங்கிலாந்து நான்கு கோல் அடித்தது, நாம் இரண்டு அடித்தோம். 2-0 என்று முன்னிலையில் இருக்கும்போது மூன்றாவது கோலுக்கு ஓடுவதும், பெனால்டி கார்னரை வீணாக்காமல் இருப்பதும் முதல் நாளிலேயே தொடங்க வேண்டிய வேலை. தடுப்பாட்டக்காரர்களுக்கும் இதில் சம பங்கு உண்டு. கோல்கீப்பர் தடுக்கும் ஒரு பந்து பட்டியலில் நாம் அடித்த ஒரு கோலுக்குச் சமம்.

பிரிவில் முதலிடம் பிடித்த அணி நேராகக் காலிறுதிக்குப் போனது. இரண்டாமிடத்துக்கான விலை கூடுதலாக ஒரு நாக் அவுட் ஆட்டம், அதன் பெயர் கிராஸ் ஓவர். அதில் நியூசிலாந்துக்கு எதிராக 3-1 என்று முன்னிலையில் இருந்த இந்தியா, 3-3 ஆகி, ஷூட் அவுட்டில் (ஒவ்வொருவராக கோல்கீப்பரைத் தனியே எதிர்கொண்டு கோல் போடும் முறை) 4-5 எனத் தோற்று வெளியேறியது. இங்கிலாந்துடன் ஆடியபோது காயம்பட்ட ஹர்திக் சிங் அந்த ஆட்டத்தில் இல்லை. அன்றைய இரவை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜெர்மனியும் இதே மாதிரிதான் வந்தது. பி பிரிவில் பெல்ஜியமும் ஜெர்மனியும் ஆளுக்கு 7 புள்ளி. பெல்ஜியம் +11, ஜெர்மனி +8. ஜெர்மனி கிராஸ் ஓவரில் பிரான்ஸை வென்று, கடைசியில் அதே பெல்ஜியத்தை இறுதிப் போட்டியில் ஷூட் அவுட்டில் வீழ்த்திக் கோப்பையை எடுத்துச் சென்றது.

நம்மூர் உதாரணம் வேண்டுமென்றால் அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை. ஆறு அணி லீக்கில் தென் கொரியா, ஜப்பான், பாகிஸ்தான் மூன்றும் 5 புள்ளியில் முடித்தன. மூன்றுக்கும் ஒரு வெற்றி, இரண்டு டிரா, இரண்டு தோல்வி. அச்சு அசலாக ஒன்று போலவே! லீக்கின் கடைசி ஆட்டத்தில் இந்தியாவிடம் 0-4 எனத் தோற்ற பாகிஸ்தான் –5-க்கு இறங்கியது. மற்ற இரண்டும் அரையிறுதிக்குப் போயின.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. பலவீனமான அணி இருக்கும் பிரிவில் கோல் மழை பொழியும். 2025-இல் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் இந்தியா ஓமனை 17-0 என வென்றது. அங்கே 24 அணிகள், ஆறு பிரிவுகள். பிரிவுகளில் முதலிடம் பிடித்த ஆறு அணிகளுடன், இரண்டாமிடங்களில் சிறந்த இரண்டு அணிகளுக்கும் காலிறுதி இடம். ஒருவரோடொருவர் மோதாத அணிகளை ஒப்பிடும்போது யார் யாரிடம் கோல் அடித்தார்கள் என்பது பெரிய விஷயமாகிவிடுகிறது. ஆனாலும் மூன்றே ஆட்டம் உள்ள பிரிவுக்கு இதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, உங்கள் மகனின் போட்டிக்கு வருவோம். தாளில் ஒவ்வொரு அணிக்கும் ஆறு கட்டம் போடுங்கள்: ஆடியது, வென்றது, அடித்தது, வாங்கியது, வித்தியாசம், புள்ளி. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் இரு அணிக்கும் சேர்த்தே நிரப்புங்கள். ஒரு சோதனை உண்டு. பிரிவில் எல்லா அணிகளின் வித்தியாசத்தையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு ஸ்கோரைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள். ஷூட் அவுட் கோல்களை இதில் சேர்க்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை: உள்ளூர்ப் போட்டிகள் உலகக் கோப்பை விதியையே பின்பற்றும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாவட்டப் போட்டியில் நான் ஸ்கோர் எழுதும் மேசையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பள்ளிகள் சம புள்ளி. விதி என்னவென்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. கடைசியில் காசைச் சுண்டிவிட்டார்கள். கோல் வித்தியாசத்தில் மூன்று கோல் முன்னால் இருந்த பையன்கள் ஸ்டிக்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அதனால் முதல் ஆட்டத்துக்கு முன் நடக்கும் மேலாளர்கள் கூட்டத்தில், சம புள்ளி வந்தால் எந்த வரிசையில் பார்ப்பீர்கள் என்று உங்கள் பயிற்சியாளரைக் கேட்கச் சொல்லுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி, அந்தத் தாளின் மேலேயே ஒட்டிவையுங்கள்.