மாடித் தொட்டி மரங்கள்: கேள்வி பதில்

தக்கலை: அண்ணாச்சி, அரை டிரம்முக்கு அடியில மூணு இஞ்ச் செங்கல் சல்லி போட்டுத்தான் எலுமிச்சை வச்சேன். ஆனி மழைக்குப் பிறகு இலை மஞ்சளாகி உதிருது. ஏன்?

பதில்: அந்தச் சல்லிதான் வினை. நயமான மண்ணிலிருந்து பருத்த சல்லிக்குள்ள தண்ணி லேசுல இறங்காது. மேல்மண் சொதசொதன்னு நிறைஞ்ச பிறகுதான் சொட்டும். ஈரம் தேங்குற இடம் மூணு இஞ்ச் மேலேறி வேர்கிட்ட வந்துடுது. காத்தில்லாம வேர் அழுகுது. மூட்டோட வெளியே எடுத்து, கறுத்துக் குழைஞ்ச வேரை வெட்டுங்க. செம்மண், ஆத்து மணல், தென்னை நார்க்கழிவு (நார் பிரிக்கும்போது உதிருற தூள்), மக்கின தொழுவுரம் நாலும் சமமா கலந்து நிரப்புங்க. ஓட்டைமேல ஒரு துண்டு நைலான் வலை போதும். டிரம் செங்கல்மேல நிக்கணும். தரையோட ஒட்டினா ஓட்டை இருந்தும் இல்லாத மாதிரிதான். புதுத்தளிர் வரும்வரை உரம் கூடாது.

குளச்சல்: கொய்யா இலை நுனி கருகுது. உப்புக்காத்தா?

பதில்: கடல் பக்கத்து இலை மட்டும் கருகினா காத்து; சாயங்காலம் நல்ல தண்ணியால இலையைக் கழுவிவிடுங்க. எல்லாப் பக்கமும் கருகினா கிணத்துத் தண்ணியையும் நார்க்கழிவையும் சந்தேகப்படுங்க. உப்புத்தண்ணியில அழுகப்போட்ட கதம்பையோட (தேங்காய் மட்டை) நார்க்கழிவை மூணு தடவை ஊறவச்சுப் பிழியாம சேர்க்கக் கூடாது. இப்போதைக்கு உப்பு கரைஞ்சு போக, 50 லிட்டர் தொட்டிக்கு 100 லிட்டர் நல்ல தண்ணி, மெதுவா, அடியில வடிய வடிய ஊத்துங்க. ஐப்பசி மழை வந்தா இந்த வேலையை அதுவே செஞ்சிடும்.

ஆரல்வாய்மொழி: காலையில ஊத்தினாலும் சாயங்காலம் சப்போட்டா வாடுது. தண்ணி ஓரமா வழிஞ்சு ஓடிடுது.

பதில்: உங்க ஊர் காத்துக்கு நார்க்கழிவு காய்ஞ்சு சுருங்கி, தொட்டிச் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவுல இடைவெளி விழுந்திருக்கு. ஒரு மணி நேரம் இடைவெளி விட்டு மூணு தடவை, கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. அப்புறமும் வழிஞ்சா, வேர் சுத்திச் சுத்தி அடைச்சுக்கிட்டிருக்கும். காத்து அடங்கி மழை தொடங்கினதும் வெளியே எடுத்து, ஓரவேரை ஒரு இஞ்ச் அளவுக்குச் சீவிட்டு, அதே தொட்டியில புதுமண் போட்டு வைங்க. மேல கதம்பையைப் பரப்பலாம், தண்டுல படாம.

மார்த்தாண்டம்: மங்குஸ்தான் டிரம்ல காய்க்குமா?

பதில்: ஆசை நியாயம்தான், ஆனா வேண்டாம். விதைக்கன்னு காய்க்கவே ஏழெட்டு வருஷத்துக்கு மேல ஆகும், மாடி வெயிலும் வறட்டுக் காத்தும் அதுக்கு ஆகாது. புரையிடத்துல (வீட்டைச் சுத்தின தோட்டத்துல) வாழை நிழல்ல நடுங்க.

நாகர்கோவில்: மாடி நடுவுல ஆறு அரை டிரம் வைக்கலாமா?

பதில்: அரை டிரம்ல பிடிக்கிற 100 லிட்டர் மண் நனைஞ்சா ஏறக்குறைய 150 கிலோ. நடுவுல வேண்டாம், கீழே சுவரோ பீமோ இருக்கிற கோட்டுமேல வரிசையா வைங்க.