கேள்வி – பதில்: காளை, எருமை, உறியடி

2023 நவம்பரில் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் நடந்த கம்பளா எருமைப் பந்தயத்தைக் குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். 'இது கன்னடக்காரங்க ஜல்லிக்கட்டா?' என்று பையன் கேட்கிறான். என்ன சொல்வது? – அல்சூர் வாசகர்

கோர்ட்டில்தான் இரண்டும் ஒரே கட்சி. உச்ச நீதிமன்றத்தின் 2014 மே தீர்ப்பு ஜல்லிக்கட்டை நிறுத்தியது. அதைத் தொடர்ந்து 2016-ல் கம்பளாவும் நின்றது. 2017-ல் இரு மாநிலங்களும் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தைத் தங்கள் அளவில் திருத்தின. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தங்கள் செல்லும் என்றது.

ஆட்டமோ அடியோடு வேறு. வாடிவாசலில் காளையும் ஆளும் எதிரெதிர். திமிலைத்தான் பிடிக்கலாம், வாலையோ கொம்பையோ தொட்டால் பிடி செல்லாது. கம்பளாவில் ஆள் எருமையின் கட்சி. ஜோடி எருமைகளுக்குப் பின்னால் ஒருவர், 120 முதல் 160 மீட்டர் வரை சேறும் தண்ணீருமான ஓடுபாதையில் ஓடுவார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாதை இருந்தால் 'ஜோடுகரே'. விஜய – விக்ரம, சூர்ய – சந்திர என்று பாதைகளுக்கே பெயர் உண்டு.

ஓடாமல் பலகைமேல் நின்றபடி ஒருவர் போனதைக் கவனித்திருப்பீர்கள். அது 'கனெ ஹலகெ'. பலகையில் துளை இருக்கும்; எருமைகள் இழுக்கிற வேகத்தில் அதன் வழியே தண்ணீர் பீச்சியடிக்கும். மேலே ஆறரைக் கோல், ஏழரைக் கோல் (கோல் என்பது அங்கே ஒரு நீள அளவு) உயரத்தில் கட்டிய துணியைத் தண்ணீர் நனைக்க வேண்டும். இங்கே நேரக் கணக்கு கிடையாது. தண்ணீர் ஏறவில்லை என்றால் எருமைகள் எவ்வளவு வேகமாகப் போயும் பிரயோசனமில்லை. கயிறு, கலப்பை வடிவக் கட்டை, குறுக்குப் பலகை ஆகிய மற்ற பிரிவுகள் வேகத்துக்கானவை.

கர்நாடகக் கடலோரத் துளு நாட்டில் இது நெல் வயலில் பிறந்தது. எருமைகளை வளர்த்தவை பெரிய நிலக்கிழார் வீடுகள். பரிசு தேங்காயும் வாழைத்தாரும். எருமைகளுக்கு முன்னால் கொரகர் இன மக்களை அந்தச் சேற்றில் ஓடவிட்ட வழக்கமும் இருந்தது. அவர்கள்மேல் சுமத்தப்பட்ட 'அஜலு' என்ற இழிவான முறையைக் கர்நாடக அரசு 2000-ல் தனிச் சட்டம் போட்டுத் தடை செய்தது. பையன் கொஞ்சம் பெரியவன் என்றால் இதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கம்பளா வீரர் உசைன் போல்ட்டை முந்திவிட்டார் என்பது நிஜமா? – கே.ஆர்.புரம் வாசகர்

2020 பிப்ரவரியில் ஸ்ரீநிவாச கவுடா 142.5 மீட்டரை 13.62 விநாடியில் கடந்தார். அதை 100 மீட்டருக்கு வகுத்தால் 9.56 விநாடி வரும். போல்ட்டின் சாதனை 9.58. ஆனால் கவுடாவை முன்னால் இரண்டு எருமைகள் இழுத்துக்கொண்டு போயின. போல்ட்டை யாரும் இழுக்கவில்லை. சேற்றில் அந்த வேகத்துக்குக் கால் வைத்து விழாமல் போவது பெரிய வித்தைதான், சந்தேகமில்லை. அதைப் பாராட்ட ஒலிம்பிக் கணக்கு எதற்கு?

ஜல்லிக்கட்டு ஊரை ஒன்றாக்குகிறது என்கிறார்கள். எங்கள் ஊரில் அதனாலேயே சண்டை வந்ததாகத் தாத்தா சொல்வார். எது சரி? – ராமமூர்த்தி நகர் வாசகி

இரண்டும் சரி. முதலில் வருவது கோயில் காளை. அதை யாரும் பிடிக்க மாட்டார்கள். ஊரே தீனி போட்டு வளர்ப்பது. செத்தால் மனிதருக்குச் செய்வதுபோல் மாலை போட்டு அடக்கம் செய்வார்கள். அதுவரை ஒற்றுமைதான். அடுத்து யார் வீட்டுக் காளை, முதல் மரியாதை யாருக்கு, விழாக் குழுவில் யார் என்று வரும்போது சாதி தலைகாட்டும். தகராறெல்லாம் அங்கேதான். இன்று ஆன்லைன் பதிவு, டோக்கன், மாடுபிடி வீரருக்கும் காளைக்கும் மருத்துவப் பரிசோதனை என்று மாவட்ட நிர்வாகம் நடத்துவதில் பழைய ருசி போய்விட்டது என்று குறைபடுகிறவர்கள் உண்டு. வரிசையில் இடமே கிடைக்காதவர்களுக்கு அந்த ருசி என்றைக்கு இருந்தது?

பொருளாதாரப் பக்கமும் ஒன்று உண்டு. டிராக்டர் வந்தபின் உழவுக்கு மாடு வேண்டாம். பால் கறவைக்கோ கலப்பின மாடு. புலிக்குளம் மாதிரி இனத்தில் ஆண் கன்று பிறந்தால் அடிமாட்டுக்குப் போகாமல் நிறுத்தி வைக்க வாடிவாசல் ஒரு காரணம்.

எங்கள் அடுக்ககத்தில் பொங்கலுக்கு உறியடியும் வழுக்கு மரமும் வைக்கலாமா? – ஒயிட்ஃபீல்டு வாசகர்

வழுக்கு மரத்தை விட்டுவிடுங்கள். 25 அடி மரத்துக்கு 5 அடிக்குக் குறையாமல் குழி வேண்டும். கீழே பார்க்கிங் இருக்கும் தளத்தில் எங்கே தோண்டுவீர்கள்?

உறியடி வைக்கலாம். கயிற்றை பால்கனி கம்பியில் கட்டாதீர்கள். 14 அடி உயரத்தில் இரண்டு கம்பம் நட்டு, நடுவில் கப்பி மாட்டுங்கள். இரண்டு லிட்டர் பிடிக்கும் மண்பானை போதும். அதில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுங்கள், காசு போடாதீர்கள்: உடைந்ததும் குழந்தைகள் சில்லுக்குள் கை விடுவார்கள். பானையைச் சுற்றி மெல்லிய வலை கட்டினால் ஓடு சிதறாது. கம்பு நாலரை அடி மூங்கில். பிடிக்கிற இடத்தில் துணி சுற்றுங்கள். ஈரக் கையிலிருந்து கம்பு நழுவிப் பறப்பதில்தான் அதிக அடி படுகிறது, ஆகவே சுற்றிலும் 15 அடிக்குக் கயிறு கட்டி ஆட்களைத் தள்ளி நிறுத்துங்கள். சிமெண்ட் தரை நனைந்தால் வழுக்கும், மணல் பரப்புங்கள். கண் கட்டி மூன்று சுற்று, அடிக்க மூன்று வாய்ப்பு. கயிறு இழுப்பவர் கெட்டிக்காரராக இருந்தால் ஒருவரும் ஜெயிக்க மாட்டார்கள்; மூன்றில் ஒரு முறையாவது பானையைத் தலைமட்டத்துக்கு இறக்கியே ஆக வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.